பாதியில் நின்ற சத்தியம்

துணியில் ஒட்டிய அந்தப் பழைய வரைபடத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி விருதுநகருக்கு வந்த புதிதில், சரஸ்வதி பூஜைக்குக் கோலம் போட வாசகசாலைக்குப் போயிருந்தேன். மேசை நிறைய அது விரிந்து கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ கையால் எழுதி வண்ணம் தீட்டியதாம். கண்மாய்களுக்கெல்லாம் நீலம். வாசகசாலைக்குப் பொறுப்பாக இருந்த என் கணவரின் அண்ணன், “உங்க ஊர்க் கண்மாய் இந்தா இருக்கும்மா” என்று விரல் படாமல் காட்டினார். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு, என் ஊரும் ஒரு தாளில் ஏறியிருக்கிறது என்று கண்டபோது சாமியைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவரைப் பெரியத்தான் என்பேன். மனைவியைப் பறிகொடுத்தவர், பிள்ளை இல்லை, எங்களோடுதான் இருந்தார். பூஜையன்று அந்த வரைபடத்தையும் அதனோடு பூட்டி வைத்திருந்த பழைய புத்தகங்களையும் பட்டில் பொதிந்து அம்பாள் முன் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் பிரிக்கும் வரை யாரும் அந்தப் பொதியைத் தொடக்கூடாது. அது அங்கே வழக்கம். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், வாசகசாலைத் தலைவரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த மருமகன், நன்றாகப் படித்தவர், தினமும் வந்து அந்த வரைபடத்தின் முன் உட்கார்ந்திருப்பாராம். பூஜையன்று தானே பொதிந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். படித்தவர் பக்தியாகக் கேட்கிறாரே என்று பெரியத்தான் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பூ வாங்கப் போனார். அன்று சாயங்கால ரயிலுக்கே மருமகன் கிளம்பிவிட்டார். மறுநாள் பட்டைப் பிரித்தால் உள்ளே அளவாக வெட்டி அடுக்கிய செய்தித்தாள்.

பெரியத்தான் நேரே தலைவர் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னார். திரும்பி வந்து கூடத்தில் என் கணவரிடம் அவர் சொன்னது அடுப்படியில் எனக்குக் கேட்டது. தலைவர், “வயித்துப்பிள்ளையோட இருக்கா எம் மக. நீங்க வாயைத் தொறந்தா அவ கதி என்னாகும், நெனைச்சுப் பாருங்க” என்றாராம். “அவரு எடுத்ததை நான் கண்ணால பாக்கலையேப்பா. பாக்காததைச் சொல்லி ஒரு பொண்ணைக் கெடுக்கவா?” என்றார் பெரியத்தான். அன்று அவர் சாப்பிடவில்லை.

வாசகசாலைக் கமிட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. சாவி இவரிடம்தான் இருந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். போலீசுக்குப் போனால் ஊர்ப்பேர் கெடும், இருக்கன்குடி அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று முடிவு கட்டினார்கள். வீட்டோடு நாங்களும் போனோம். தலைவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ‘நான் எடுக்கவில்லை, எடுத்தவர் யாரென்றும் தெரியாது’ என்று சொல்லிச் சூடத்தை அணைக்க வேண்டும். பெரியத்தான் ஈரவேட்டியோடு நின்று, “தாயே, நான் எடுக்கலை” என்றார். அதோடு நின்றுவிட்டார். மீதியைச் சொல்லும்படி அதட்டினார்கள். சூடம் அதுவாகவே எரிந்து அணைந்தது. அம்மன் முன்னால் பொய்யும் சொல்ல முடியாமல், உண்மையும் சொல்ல முடியாமல் நின்ற அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. தலைவர் கடைசி வரை தலையை நிமிர்த்தவில்லை.

வேலை போனது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் தாள் எண்ணி அடுக்கப் போனார். பஸ்ஸில் ஒருத்தன், “பெரியவரே, வெடி சுத்தப் பழைய தாள் வேணுமாம், உங்ககிட்ட இல்லாததா” என்பானாம், பஸ்ஸே சிரிக்குமாம். வாசகசாலையிலோ, இனித் திருட்டே நடக்கக்கூடாது என்று மிச்சமிருந்த பழைய புத்தகங்களை ஒரு மர அலமாரியில் போட்டுப் பெரிய பூட்டாகப் பூட்டிவிட்டார்கள். யாருக்கும் திறப்பதில்லை, பூஜைக்கும் எடுப்பதில்லை.

சில வருஷம் கழித்து வெள்ளையடிக்க வந்தவர்கள் சுவரில் கறையான் புற்று ஏறியிருப்பதைக் கண்டார்கள். சேதி கேட்டுப் பெரியத்தானும் என் கணவரும் ஓடினார்கள். அலமாரியைத் திறந்தால் அட்டைகள் நிற்கின்றன, உள்ளே மண். அதை ஒரு கை அள்ளிப் பார்த்த பெரியத்தான், “களவு போனதாச்சும் எங்கனயாவது முழுசா இருக்கும்” என்றாராம். உடனே கமிட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், “கேட்டீகளா? இருக்கிற இடம் தெரியாமலா சொல்றாரு” என்றாராம். தலைவர் காதிலும் அது விழுந்தது. சுண்ணாம்பு வாளியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாராம். பெரியத்தான் அதிக நாள் இருக்கவில்லை. சாவுக்கு வாசகசாலையிலிருந்து ஒரு மாலை வரவில்லை.

போன ஆடியில் இருக்கன்குடியில் தலைவரின் மகளைப் பார்த்தேன். பேரப்பிள்ளைக்கு முடியிறக்க வந்திருந்தாள். நல்ல குணம், அவளாகவே வந்து கையைப் பிடித்து, “நல்லா இருக்கீகளா அக்கா” என்று கேட்டாள். எந்தத் தெரு, யார் யார் இருக்கிறார்கள் என்று பேச்சு வளர்ந்தது. “உங்க வீட்டுப் பெரியவருதான அந்தப் புஸ்தகத்தை எல்லாம்...” என்று தொடங்கியவள், என் மனது நோகுமே என்று நாகரிகமாக நிறுத்திக்கொண்டாள்.

எதிரே அம்மன் சந்நிதி. குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. “இன்னும் கொஞ்சம் தடவுத்தா, வெயிலுக்குப் பிள்ளை தாங்காது” என்று சொல்லி, நானே குழைத்துத் தடவிவிட்டேன்.