கோமதி மதினியின் கண்ணும் அண்ணன் வாங்கிய பல்பும்

போன வாரம் எங்கள் அண்ணன் வீட்டில் ஒரு தையல் மெஷினை விற்க ஏற்பாடு நடந்தது. சிவகிரியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. எல்லாரிடமும் யோசனை கேட்டார்கள் – மெஷினுக்குச் சொந்தக்காரியைத் தவிர.

சொந்தக்காரி அண்ணன் மனைவி, என் மதினி கோமதி. சங்கரன்கோவிலில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தது மதினிதான் என்று நான் பெருமை அடிப்பேன். சரி, கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு முன்னறைதான் அவர் கடை. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆனால் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் அந்த வீட்டில் உட்கார நாற்காலி கிடைக்காது. எல்லா நாற்காலியிலும் துணி உட்கார்ந்திருக்கும்.

அப்படிப்பட்டவரின் மெஷினை ஏன் விற்க வேண்டும்?

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு அரக்குக் கலர் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். கழுத்து ஓரத்திலும் கை ஓரத்திலும் அதே அரக்கில் பைப்பிங் என்ற மெல்லிய கரைப்பட்டி வைக்க வேண்டும். மதினி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தைத்து முடித்தார். மறுநாள் வாங்கிக்கொண்டு போன அந்த அம்மா, பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்று ஆசையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஜாக்கெட் அரக்கு. பைப்பிங்... காப்பிக்கொட்டைக் கலர்.

வந்த வழியே திரும்பி வந்துவிட்டார்.

"இதப் போட்டுக்கிட்டு எம்புள்ள மணவறைல உக்காரணுமா? போட்டோல பாத்தா ஒட்டுப் போட்ட மாரில்லா தெரியும்" என்று அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மதினி மன்னிப்புக் கேட்டு, மறுநாள் காலையில் வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டு, துணியைத் தேர்ந்தெடுத்து, பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை கலர் அச்சாகப் பொருந்தியது. அந்த அம்மாவும் சிரித்த முகமாகப் போய்விட்டார்.

ஆனால் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "கோமதிக்குக் கண்ணு போயிட்டு." சொன்னது அண்ணன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. மதினி சில மாதங்களாகத் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பதைப் பார்த்துப் பயந்துபோனவர். கண் டாக்டரிடமும் கூட்டிப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது, போட்டிருக்கும் கண்ணாடியும் சரிதான் என்று அனுப்பிவிட்டார். அண்ணனுக்கு அதில் திருப்தி இல்லை. டாக்டரைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

"டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. பொறவு நீங்க எப்படிக் கண்ணு போயிட்டுன்னு சொல்லுதீய?" என்று மதினி கேட்டார்.

"பின்ன ரெண்டு கலரும் ஒண்ணா எப்படிட்டி தெரியும்? போதும், பாடுபட்டது போதும். மெஷினக் குடுத்துட்டு நிம்மதியா இரி."

"மெஷினக் குடுத்தா எனக்கு எங்கன இருக்கு நிம்மதி? நான் குடுக்க மாட்டேன்."

இந்தச் சண்டை நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். சாயங்கால நேரம். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் நிழல் என் கையிலேயே விழுந்தது. திரும்பி அண்ணாந்து பார்த்தேன். எனக்குப் பின்னால், கதவுக்கு மேலே, ஒரு பல்பு. அதைப் பார்த்த கண்ணுக்கு அடுத்த சில விநாடி வேறெதுவும் தெரியவில்லை.

காலையில் வாசலில் சரியாகத் தைத்தவர், சாயங்காலம் இந்த பல்புக்குக் கீழே தப்பாகத் தைக்கிறார் என்றால்... சந்தேகம் யார் மேல் வர வேண்டும்?

"இது எங்க வாங்குனது அண்ணே?"

அண்ணன் முகத்தில் ஒரு பிரகாசம். "ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கடை போட்டிருந்தாம்லா, அங்கன. இருபது வாட்டு. தெருவுலயே நம்ம வீடுதான் பளிச்சுன்னு இருக்கு, பாத்தியா?"

பெட்டி இருக்கிறதா என்றேன். பெட்டியே கிடையாதாம், பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தானாம். நான் போன் கேமராவைத் திறந்து பல்புக்கு நேராகப் பிடித்தேன். திரையில் கறுப்புக் கோடுகள் வரிசையாக ஓடின. நம் கண்ணுக்கு நின்று எரிவதுபோலத் தெரியும் பல்பு, உண்மையில் விடாமல் அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். மட்டமான எல்.இ.டி.கள் செய்யும் வேலை இது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலை வலிக்கும்.

அதற்கு அண்ணன் சொன்ன பதில்: "போனு கோளாறா இருக்கும்."

பாருங்கள் – டாக்டர் தப்பு, போன் தப்பு, மதினி கண் தப்பு. இருபது வாட் பல்பு மட்டும் உத்தமம்.

எனக்கு வந்த கோபத்தை அடக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வரைக்கும் மெஷினத் தொடாதிய" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே மதினியைக் கூட்டிக்கொண்டு எலெக்ட்ரிகல் கடைக்குக் கிளம்பினேன். கைப்பையில் இரண்டே இரண்டு துண்டுத் துணி. ஒன்று அரக்கு, ஒன்று காப்பிக்கொட்டை.

நம் ஊரில் பல்பு வாங்கும் முறையை என்றாவது கவனித்திருக்கிறீர்களா? கடையில் ஒரு பலகை. அதில் ஹோல்டர்கள். கடைக்கார அண்ணாச்சி பல்பை மாட்டி ஸ்விட்சைத் தட்டுவார். நாம் அண்ணாந்து பல்பை முறைத்துப் பார்ப்போம். கண் கூசியதா? நல்ல பல்பு. இன்னும் கூசியதா? ரொம்ப நல்ல பல்பு, கொடுங்கள். பல்பு எதைக் காட்டுகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பல்பையே பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். வெளிச்சம் போடுகிறவனின் முகத்தை மட்டும் பார்த்து மயங்குவது நமக்குப் பல விஷயங்களில் பழக்கம் என்பதால், இதை இத்தோடு விடுகிறேன்.

அண்ணாச்சி எங்களுக்கும் ஒரு வெள்ளை பல்பைப் போட்டார். மதினி அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டு துண்டுத் துணியையும் பலகைக்குக் கீழே விரித்து, குனிந்து பார்த்தார்.

"பல்பப் பாருங்கம்மா, துணிய எதுக்குப் பாக்கீய?"

"அண்ணாச்சி, நாங்க துணியத்தான் தைக்கப் போறோம், பல்ப இல்ல" என்றேன்.

பின்னால் வயர் வாங்க நின்றவர் செருமினார். செருமட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு புடவைக்கு முப்பது புடவையைப் பிரிக்கச் சொல்வோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வருஷக்கணக்கில் எரியப்போகும் பல்புக்குத் துண்டுத் துணி விரித்தால் மட்டும் செருமல் வருகிறது.

முதல் பல்பில் அரக்கும் காப்பிக்கொட்டையும் அக்கா தங்கைபோல இருந்தன. துணியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனோம். வெயிலில் இரண்டும் வேறு வேறு. மதினி என்னைப் பார்த்தார், நான் மதினியைப் பார்த்தேன்.

உள்ளே வந்து பெட்டிகளை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். எல்.இ.டி. பெட்டியில் எல்லாமே எழுதியிருக்கிறது சார், நாம்தான் வாட்டோடு நிறுத்திவிடுகிறோம். வாட் என்பது பல்பு குடிக்கும் கரண்ட். கொடுக்கும் வெளிச்சம் லூமென். அதிகம் சாப்பிடுகிறவர் அதிகம் வேலை செய்கிறார் என்று எந்த வீட்டிலாவது சொல்ல முடியுமா? பழைய அறுபது வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை நல்ல எல்.இ.டி. ஒன்று எட்டு, ஒன்பது வாட்டில் கொடுத்துவிடும். ஆகவே குறைந்த வாட்டில் நிறைய லூமென் எது கொடுக்கிறதோ, அதுதான் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பல்பு. நட்சத்திர லேபிள் சொல்வதும் இந்தச் சமர்த்தைத்தான்.

பக்கத்தில் கெல்வின் என்று ஓர் எண். மூவாயிரத்துக்கு அருகில் என்றால் குண்டு பல்பின் மஞ்சள். ஆறாயிரத்து ஐந்நூறு என்றால் நீலம் கலந்த வெள்ளை – நம் ஊரின் செல்லப்பிள்ளை. நாலாயிரம் நடுவில் நிற்கும். படுக்கிற அறைக்கு மஞ்சள் போதும், வேலை செய்கிற இடத்துக்கு நடுவாந்தரம் நல்லது என்பது என் கட்சி. மஞ்சள் பல்பு போட்டால் 'என்ன, வீடு அழுது வடியுது' என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கடைசியாக, பொடி எழுத்தில், சி.ஆர்.ஐ. நூறுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டிருப்பார்கள். வெயிலில் தெரியும் கலரை இந்த பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மார்க். எண்பது இருந்தால் வீட்டுக்குப் பரவாயில்லை. தையல்காரருக்குத் தொண்ணூறாவது வேண்டும். மார்க் குறைந்த பல்புகள் முதலில் பொய் சொல்வது சிவப்பில்தான். அரக்கில் சிவப்பை எடுத்துவிட்டால் மீதி என்ன? காப்பிக்கொட்டை.

"தொண்ணூறு இருக்கா அண்ணாச்சி?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏணி போட்டு ஏறினார். தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார். "ஸ்டுடியோக்காரவுக கேட்டாவன்னு வாங்கிப் போட்டது. வெல கொஞ்சம் கூட. ஒம்போது வாட்டுதான், பாத்துக்கிடுங்க. பொறவு டல்லா இருக்குன்னு கொண்டுவரக் கூடாது."

மாட்டினார். போனைப் பிடித்தேன், கோடு ஓடவில்லை. மதினி மறுபடி குனிந்தார். பலகைக்குக் கீழே அரக்கு அரக்காக இருந்தது. காப்பிக்கொட்டை காப்பிக்கொட்டையாக இருந்தது.

மதினி நிமிரவே இல்லை. துணியைத் தடவிக்கொண்டே, "அப்பம் எங்கண்ணு இல்ல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

எத்தனை மாதம்? 'உனக்கு வயசாயிட்டு', 'உன்னால முடியல' என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? அவரே பாதி நம்ப ஆரம்பித்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண் கையில் ஒரு தையல் பிசகினால் உடனே அவள் கண்ணைச் சந்தேகப்படுகிறோம், மூட்டைச் சந்தேகப்படுகிறோம், ஞாபகத்தைச் சந்தேகப்படுகிறோம். அவள் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று மட்டும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவளை ஓய்வெடுக்கச் சொல்வது சுலபம், பல்பை மாற்றத்தான் ஏணி வேண்டும்.

அந்த பல்பையும் வளைத்துத் திருப்பும் ஒரு விளக்குத் தண்டையும் வாங்கி வந்து, மெஷினுக்கு முன்னால் இடது பக்கமாக மாட்டினோம். வலது கைக்காரருக்கு இடது பக்கம் வெளிச்சம் வந்தால் கை நிழல் ஊசியில் விழாது. அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒம்போது வாட்டா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய இருபது வாட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிவகிரிக்காரர் வந்தார். வர வேண்டாம் என்று போன் செய்ய அண்ணனுக்கு மனம் வரவில்லை. சொன்ன சொல்லாம், கௌரவமாம். மதினி மெஷினில் உட்கார்ந்து ஒரு பச்சை ஜாக்கெட்டுக்குப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அண்ணன் மதினிக்கும் விளக்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "நல்லா ஓடுத மெஷினு, இவளுக்குத்தான் இப்பம் கண்ணு..." என்று ஆரம்பித்தார்.

மதினி மெஷினை நிறுத்தவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை.

"வெளிச்சத்த மறைக்காதிய. அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

சிவகிரிக்காரர் மெஷினைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். காப்பியைக் குடித்துவிட்டு, தன் மகளுக்கு ஒரு ஜாக்கெட் தைக்க என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் தள்ளித்தான் நின்றார். அதற்கு ஒரு வாட் கரண்ட்கூடச் செலவாகவில்லை.