படிக்கட்டில் கதிரை போட்ட பாலேஸ்வரி

டோர்செட் பார்க்கில், கெனடி வீதியை ஒட்டிய பதினாறு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்குப் பாலேஸ்வரி வந்தது 1996இல். அப்போது கணவர் இருந்தார், மகள் நிரூபாவுக்கு இரண்டு வயது. அதே மாடியில் இருந்த மற்ற மூன்று யாழ்ப்பாணக் குடும்பங்களும் வீடு வாங்கி ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கணவர் 2009இல் மாரடைப்பால் இறந்தார். நிரூபா கலியாணம் முடித்து, பக்கத்து நகரான ஏஜாக்சில் இருக்கிறாள். கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டி பொருத்தும் தொழிற்சாலையில் பதினேழு வருடம் நின்றபடியே வேலை செய்ததில் பாலேஸ்வரிக்கு இரண்டு முழங்கால்களும் பழுதாகின. அதன்பிறகு ஒரு பாடசாலையில் துப்புரவு வேலைக்கு மாறினார். வேலை பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும்.

நிரூபா வாராவாரம் கேட்பாள். "அம்மா, எங்கட பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. வந்து இருங்கோவன்."

"நிலத்துக்குக் கீழ போறதுக்கு எனக்கு இன்னும் காலம் கிடக்கு, பிள்ளை."

2022ஆம் ஆண்டு கோடையில் கட்டடத்தின் இரண்டு லிஃப்ற்றுகளில் ஒன்று நின்றது. ஒக்ரோபரில் மற்றதும் நின்றது. வெளிநாட்டிலிருந்து ஒரு பாகம் வரவேண்டும், ஆறு வாரமாவது செல்லும் என்று கீழே கடிதம் ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் வேலைக்கு இறங்கிப் போன பாலேஸ்வரி, ஆறாம் மாடிக்குச் சற்றுக் கீழே ஒரு பெண் படியில் குந்தியிருப்பதைக் கண்டார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. முழங்கைக்கு மேல் தடித்த பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. ஆப்கானிஸ்தான் பெண், பெயர் ஸர்மினா, பதினைந்தாம் மாடி. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்கு டயலிசிஸ். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். இவ்வளவையும் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களில் அவர்கள் பேசி முடித்தார்கள்.

பாலேஸ்வரி பாடசாலைக்குப் போன் பண்ணிப் பிந்தி வருவேன் என்றார். அங்கே சேர்ந்த பிறகு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு ஸர்மினாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். பதினைந்தாம் மாடிக்குப் போய்ச்சேர ஐம்பது நிமிடம் எடுத்தது.

மறுநாள் காலை, ஸர்மினா இடையிடையே இருந்து இளைப்பாற, வீட்டிலிருந்த இரண்டு மடக்குக் கதிரைகளை நாலாம், ஏழாம் மாடிப் படிமேடைகளில் வைத்தார். குப்பைக்குப் போடப்பட்டிருந்த இரண்டைத் துடைத்துப் பத்திலும் பதின்மூன்றிலும் வைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கட்டடப் பொறுப்பாளர் வின்சன்ற் கதவைத் தட்டினார். அவரும் யாழ்ப்பாணத்தவர்.

"அக்கா, உந்தக் கதிரையள் உங்கடையே?"

"ஓம்."

"எடுக்கச் சொல்லி ஒஃபிசால சொல்லிப்போட்டினம். நெருப்புக் கிருப்புப் பிடிச்சா ஓடுற சனம் தடக்குப்பட்டு விழும். சட்டம் அக்கா. உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு எடுப்பமெண்டுதான் வந்தனான்."

"லிஃப்ற் ஓடாமக் கிடக்கிறதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லையோ?"

பாலேஸ்வரிக்குக் கோபம் வந்தது. ஆனால் வின்சன்ற் சொன்னதிலும் நியாயம் இருப்பது தெரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"கதிரையோட ஒராள் நிண்டா? அந்தப் பதினைஞ்சாம் மாடி அம்மா இருந்து எழும்பின உடன ஆளும் கதிரையும் உள்ளுக்குப் போனா?"

"அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது," என்றார் வின்சன்ற்.

பாலேஸ்வரி ஒரு தாளில் கதிரை ஒன்றை வரைந்து, மூன்று நாட்களின் பெயரையும் ஸர்மினா திரும்பி வரும் நேரத்தையும் எழுதிக்கொண்டு அந்த நாலு மாடிகளிலும் கதவு தட்டினார். பல கதவுகள் திறக்கவில்லை. நாலாம் மாடியில் லோர்னா என்ற பிலிப்பைன்ஸ் பெண் சம்மதித்தார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். ஏழில், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் அழகேசன், தமிழ்நாட்டுக்காரர். "மீட்டிங் இருந்தா ஹெட்போனோட வந்து நிப்பேன் ஆன்ட்டி, கவலைப்படாதீங்க." பத்தில் ஒரு சோமாலிய முதியவர் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பதின்மூன்றில் ஒருவரும் சரிவரவில்லை. ஒருவர் இவரை மதம் பரப்ப வந்தவர் என்று நினைத்து ஏசிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பதின்மூன்றுக்குப் பாலேஸ்வரியே ஏறினார். படி ஏறும்போது இடது முழங்கால் சத்தம் போட்டது. இரண்டாம் வாரம் அவர் அங்கே கதிரையோடு நின்றபோது ஏசிய அந்த மனிதர் படிக்கட்டால் வந்தார். நின்றார். எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டார். தாளைக் காட்டியதும் கதிரையை வாங்கிக்கொண்டார். அடுத்த முறையிலிருந்து பதின்மூன்றாம் மாடி அவருடைய பொறுப்பாயிற்று.

நாலாம் வாரம் புதன்கிழமை ஸர்மினா வரவில்லை. நாலு மாடிகளிலும் நாலு பேர் முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். யாரிடமும் மற்றவரின் போன் நம்பர் இல்லை. கடைசியில் லோர்னா மேலே ஏறி வந்தார், முதியவரும் பதின்மூன்றாம் மாடிக்காரரும் கீழே இறங்கினார்கள், ஏழாம் மாடிப் படிமேடையில் அழகேசனோடு எல்லோரும் ஒன்றுகூடினார்கள். அதுவரை அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. வேலைக்கு இறங்கி வந்த பாலேஸ்வரி, முன்பே வாங்கி வைத்திருந்த நம்பரில் ஸர்மினாவின் மருமகளின் வேலையிடத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். ஸர்மினாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதால் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கிறார்கள்.

"திரும்பி வந்து இதே படியிலதான் ஏறப்போறாங்க," என்றார் அழகேசன். "சிட்டிக்கு ஒரு லெட்டர் எழுதலாம். நான் எழுதறேன், நீங்க கையெழுத்து வாங்குவீங்களா ஆன்ட்டி?"

"வாங்கித் தாறன். எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு திறக்காது எண்டு இப்ப எனக்குத் தெரியும்."

முதல் கையெழுத்தைப் பாலேஸ்வரி தமிழில் போட்டார். எட்டு நாளில் நூற்றுப் பதினேழு சேர்ந்தன. வின்சன்ற் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் லிஃப்ற் நின்ற நாட்கள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிப் பாலேஸ்வரியின் கதவுக்குக் கீழால் தள்ளியிருந்தார். மாநகரசபைப் பரிசோதகர் வந்து பார்த்தார், உரிமையாளருக்கு உத்தரவு போனது. டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு லிஃப்ற் ஓடத் தொடங்கியது. மற்றது மார்ச்சில் ஓடியது.

அடுத்த கோடையில் ஸர்மினாவின் குடும்பம் ஹமில்ரனில் படி இல்லாத வீடொன்றுக்குப் போனது. போகும் நாளில் ஸர்மினா ஒரு பை உலர்ந்த முசுக்கொட்டைப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் சோபாவில் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பேச மொழி இருக்கவில்லை. போகும்போது ஸர்மினா பாலேஸ்வரியின் முழங்காலைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பாலேஸ்வரி அன்று பின்னேரம்வரை தொலைக்காட்சியைப் போடவில்லை.

கட்டடத்தில் குடியிருப்போர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். தலைவராக வரும்படி கேட்டதற்குப் பாலேஸ்வரி மறுத்துவிட்டார். "கூட்டத்தில இருந்து கதைக்கிறது எனக்குச் சரிவராது. கதவு தட்டுறதெண்டாச் சொல்லுங்கோ, போறன்." குளிர்காலத்தில் ஹீற்றர் நின்றபோதும், குழாயில் மஞ்சள் தண்ணீர் வந்தபோதும் போனார்.

2024இல் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. மகள் ஏஜாக்சுக்கு வரச்சொல்லி அழுதாள். பாலேஸ்வரி தன் வீட்டுக்கே திரும்பினார். லோர்னா மூன்று வாரம் காலையில் வந்து அவரைக் குளிக்க வார்த்துவிட்டுப் போனார்.