சட்டையோடு இறங்கக் கூடாது

ஐயாதுரைக்கு நாற்பத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷின் பார்க்கிற வேலை. குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒற்றை அறையில், தனியாக. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் சாப்பாட்டுப் பையை மடியில் வைக்க மாட்டார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். ஆள் கனத்த ஆள். அதோடு ஆம்பளைக்கு இருக்கக் கூடாது என்று ஊர் நினைக்கிற அளவுக்கு மார்பு. பதிமூன்று வயதில் வந்தது, போகவே இல்லை.

"ஏலே ஐயாதுரை, பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்று ஷிப்ட் மாறும்போது வேல்பாண்டி கேட்பான். கூட நாலு பேர் சிரிப்பார்கள். இவரும் சிரித்து வைப்பார். சிரித்தாலும் மறுநாள் கேட்பான், சிரிக்காவிட்டாலும் கேட்பான்.

கல்யாணத்துக்கு மூன்று இடம் பேசி வந்தது. மூன்றையும் இவரேதான் தட்டிவிட்டார். கட்டினால் ஒருத்தி முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டுமே! அதை யாரிடம் போய்ச் சொல்ல? வருமானம் பத்தாது என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்.

போன வருஷம் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. இப்படியே போனால் மில்லை விட்டு நிற்க வேண்டியதுதான். குண்டாக இருப்பவனுக்கு ஊரில் எல்லாரும் வைத்தியர். டீக்கடையில் ஒருத்தன் கொள்ளு குடி என்றான், மேஸ்திரி சோற்றை நிறுத்து என்றார். படித்த டாக்டரும் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. "மொதல்ல எடையக் கொறைங்க, நடங்க" என்றார். நடக்க முடியவில்லை என்றுதானே இவர் போனதே!

கடைசியில் ஜெயபாய் என்று ஒரு பிசியோ அம்மாவிடம் போனார். அந்த அம்மா முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு வேறு மாதிரி கேட்டது.

"எப்ப வலிக்குன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எப்ப வலிக்கலன்னு சொல்லுங்க."

யோசித்தார். மில் ஆட்கள் வருஷத்துக்கு ஒருதரம் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போவார்கள். இவர் கரையில் உட்கார்ந்து அவர்களுடைய துணிமணியையும் போன்களையும் காவல் காப்பார். போன தடவை எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, சட்டையோடு ஓடையில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"தண்ணிக்குள்ள வலிக்கலம்மா."

"அப்ப தண்ணிக்குள்ளயே நடங்க. எடைய நான் கேக்கல. கால் பலப்படணும், அம்புட்டுதான்."

ராஜபாளையத்திலேயே தென்காசி ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் நீச்சல் குளம் இருந்தது. போனார். வாசலில் பலகை: சட்டையோடு இறங்கக் கூடாது. திரும்பி வந்துவிட்டார். மறுநாளும் போனார், எழுத்து மாறியிருக்குமா என்ன? மூன்றாம் நாள் குளத்தைப் பார்த்துக்கொள்கிற பெலிக்ஸ் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா போர்டை வாசிச்சிட்டுப் போறிய. பரீட்சைக்கா? உள்ள வாங்க."

"சட்டையக் கழத்த மாட்டேன் தம்பி."

"ஏன், மேலுக்குச் சரியில்லையா?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். அலுத்துப்போய் உண்மை வந்துவிட்டது. "எனக்கு மாரு பெருசு. கழத்துனா எல்லாரும் சிரிப்பாக."

பெலிக்ஸ் தலையைச் சொறிந்தான். "ஒங்க மார யாரு கேட்டா? காட்டன் சட்டை பஞ்சு விடுது, பில்டர் அடைச்சிக்கிடுது. வாரா வாரம் நாந்தான் கைய விட்டு அள்ளுதேன்."

ஐயாதுரைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வேல்பாண்டிக்குச் சிரித்து வைக்கிற சிரிப்பு இல்லை இது.

"பஞ்சா? இருவத்தாறு வருசமா மிஷினுக்குள்ள நானும் அதைத்தாம்ல அள்ளுதேன்!"

"பொறவு என்ன? பஞ்சு விடாத துணியில தச்சிட்டு வாங்க."

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற நாகஜோதியிடம் போய், குளத்தில் போட்டு இறங்க ஒரு நைலான் சட்டை வேண்டும் என்றார். அவள் டேப்பைச் சுற்றியபோது கண்ணை மூடிக்கொண்டார். "நாப்பத்தொம்பது" என்று வாய்விட்டுச் சொல்லித் துணி ஓரத்தில் குறித்தாள்.

"தண்ணிக்குள்ள சட்டை மேல தூக்கும் அண்ணாச்சி. கீழ எலாஸ்டிக் வைக்கவா, நாடா வைக்கவா?"

அவ்வளவுதான் கேட்டாள். இவர் கண்ணைத் திறந்து, "நாடா" என்றார்.

ஒரு புதன்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் போனார். யாராவது சட்டையைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பதிலை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தார்: சொறி இருக்கு, டாக்டர்தான் போடச் சொன்னார்.

குளத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

கம்பியைப் பிடித்து இறங்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. சட்டை தூக்கவில்லை. எதிர்ச்சுவர் வரைக்கும் நடந்தார். முழங்கால் வாயே திறக்கவில்லை. சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சட்டையைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லை. வலிக்கவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. நின்றுகொண்டே இருந்தால் அது ஒன்றுதான் தோன்றும் என்று மறுபடி நடந்தார். பிறகு எத்தனை நடை நடந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அண்ணாச்சி, நேரம் முடிஞ்சிட்டு. ஏறுங்க" என்று மேலேயிருந்து பெலிக்ஸ் கூப்பிட்டான்.

"செத்த நேரம் தம்பி" என்றார் ஐயாதுரை.