யோகநாதனின் கடைசி இரண்டு பாட்டுகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் நேசமலர் வருடக்கணக்காக வேலை செய்தார். கூடம் பலீலுடையது. அவரை நேசமலர் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு, கடை விளம்பரம், நோன்புக் காலத்து கஸீதா என்று எது வந்தாலும் பதிவார்கள். பலீல் வாடிக்கையாளரோடு கதைப்பார். மிக்ஸருக்கு முன்னால் இருப்பது நேசமலர். பன்னிரண்டு வழிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குமிழ்கள். தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்று.

2007 ஏப்ரலில் புலிகளின் விமானம் வருகிறது என்று நகரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். அது திரும்பி வந்தபோது மிக்ஸரின் உட்பகுதி கருகிப்போனது. அன்று பின்னேரம் அதை அணைக்க மறந்து வீட்டுக்குப் போனது நேசமலர்தான். பலீல் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதன்பிறகு எல்லாக் குரலும் நேரே கணினிக்குள் போயின.

யோகநாதனின் பாட்டுகள் அப்போது பாதியில் நின்றன. யாழ்ப்பாணத்துக்காரர். கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். வெள்ளவத்தையில் மனைவி சரோஜினிதேவியோடும் பத்து வயது மகளோடும் வாடகைக்கு இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் பாடுவார். அவரே எழுதிய ஆறு பாட்டுகளில் நான்கு பழைய மிக்ஸர் வழியாகப் பதிவாகியிருந்தன. மிச்சம் இரண்டையும் மே மாதக் கடைசியில் கணினியில் பாடிக் கொடுத்தார்.

ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, நுகேகொடையில் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் வரவில்லை. பொலிசில் முறைப்பாடு எழுதியவர், ஆள் எங்கேயாவது ஓடிப்போயிருப்பார் என்றார். அந்தப் பேச்சு அவர்கள் இருந்த ஒழுங்கையிலும் பரவியது. இன்னொருத்தி இருந்தாளாம் என்று சிலர், வன்னிக்கு, இயக்கத்துக்குப் போய்விட்டாராம் என்று சிலர்.

ஆகஸ்டில் சரோஜினிதேவி கூடத்துக்கு வந்தார். ஆறு பாட்டையும் ஒரேயடியாக இருந்து கேட்டார்.

"மலர், கடைசி ரெண்டும் அவற்ற குரல் மாதிரி இல்லை. ஆரோ வேறை ஆள் பாடுற மாதிரிக் கிடக்கு."

"அவர்தான் அக்கா. மெஷின் மாறிப்போச்சு, அதான்."

"அப்ப மற்ற நாலு மாதிரியே ஆக்கித் தாரும். ஒரே ஆளாக் கேக்கட்டும். வேறை ஒண்டும் வேண்டாம்."

நேசமலர் ஓம் என்றுவிட்டார். ஆனால் பதினாறு வருடம் கையால் திருப்பிய குமிழ்கள் என்ன செய்தன என்று அவருக்கே தெரியாது. கணினியில் ஈக்குவலைசர் என்பது ஒரு நேர்கோடு. அதை எந்த இடத்திலும் தூக்கலாம், இறக்கலாம். எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி. பழைய பாட்டில் ஒரு 'முருகா'வை வெட்டியெடுத்தார். புதுப் பாட்டிலும் அதே சுருதியில் ஒன்றை எடுத்தார். இரண்டையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டார். அப்படியே இரண்டு கிழமை போயிற்று. குமிழ்களை நடுவில் நிறுத்தியபோதும் பழைய மிக்ஸர் சும்மா இருக்கவில்லை என்பது மெதுவாக விளங்கியது. நெஞ்சுப் பக்கத்து ஒலியைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. சொற்களின் விளிம்பைக் கூர்மையாக்கியிருக்கிறது. உச்சத்தைக் காதுக்குத் தெரியாமல் தேய்த்திருக்கிறது. கோடு அந்த வளைவுக்கு வந்த காலையில், யோகநாதன் பாடும் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவதுபோல் இருந்தது. நேசமலர் நிமிர்ந்து பார்த்தார். அறையில் மைக் மட்டும் நின்றது.

பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் பாடிய அன்று தேத்தண்ணி ஊற்றப் போனபோது நேசமலர் அதை நிறுத்தவில்லை. முன்பு கேட்டபோது அந்த இடத்தில் மின்விசிறி இரைச்சல் மட்டும்தான் இருந்தது. இப்போது அதற்குள் ஒரு குரல். வளைவை இன்னும் கொஞ்சம் தூக்கினார், ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். யோகநாதன் போனில் தணிந்த குரலில் கதைக்கிறார்.

"ஓம்... ஒருத்தருக்கும் சொல்லேல்லை. செவ்வாய்க்கிழமை நானே வாறன். நீங்கள் சந்தியிலை நில்லுங்கோ... மூண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அவையளை விட்டிட்டு நான் மட்டும் போகேலாது."

பிறகு செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கதவு திறந்தது. "யோகண்ணே, தேத்தண்ணி ஆறப்போகுது" என்று நேசமலரின் குரலே கேட்டது. கிண்ணென்று கோப்பை வைக்கும் ஓசை. யோகநாதன் சிரித்து, சீனி கூடிப்போச்சு என்றார்.

அந்தச் சிரிப்பு நேசமலருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அடுத்த முறை அரைக் கரண்டிதான் போடுவேன் என்று பதில் சொன்னதும் ஞாபகம் இருந்தது. பஸ்ஸில் இருக்கும்போதும், சட்டி கழுவும்போதும், அவருடைய செருப்பு அந்தக் கதவை நோக்கி நடந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் முந்திப் போயிருந்தால் யாரோடு கதைக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்.

பலீலுக்குப் போட்டுக் காட்டினார். பலீல் எழுந்து போய் யன்னலைச் சாத்தினார்.

"அழிச்சிடுங்க மகள். இந்த நேரத்துல கேட்டவங்களையும் கொண்டு போறாங்க."

"அவ புருஷன்ட குரல் நானா. நான் எப்படி அழிக்க?"

பலீல் கதவையும் சாத்திவிட்டு வந்தார். "அப்ப அவவுக்கு மட்டும் காட்டுங்க" என்றார் கடைசியில்.

சரோஜினிதேவி மூன்று முறை கேட்டார். முதல் தடவை அழுதார். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் தடவை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டார்.

"மூண்டு பேருக்கும் எண்டுதானே சொன்னவர்?"

"ஓம் அக்கா."

"எங்களை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆரையோ பிடிச்சிருக்கிறார். ஓடிப்போகேல்லை." அவர் முகத்தில் வந்தது நிம்மதியா வேதனையா என்று நேசமலருக்குப் பிடிபடவில்லை. "அந்த ஆளுக்கு இவரைத் தெரியும், மலர். சந்தியிலை நிண்டவன் தெரிஞ்சவன்."

2008 பெப்ரவரியில் காணாமல்போனவர்களை விசாரிக்கும் ஒரு அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். அதிகாரி கெட்டவரில்லை. கவனமாகக் கேட்டார், மொழிபெயர்ப்பாளரை வைத்து எழுதிக்கொண்டார். பிறகு, பதிவு எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கேட்டார். நேசமலர் உள்ளதைச் சொன்னார்: குரலுக்காக ஈக்குவலைசர் போட்டது, இரைச்சலுக்குள் இருந்ததைத் தூக்கியது.

"மேக்க வெனஸ் கரலானே?" என்றார் அதிகாரி சிங்களத்தில். இதை மாற்றியிருக்கிறீர்களே.

"ஒரு சொல்லும் கூட்டேல்ல சேர். உள்ளுக்கு இருந்ததுதான்."

மாற்றாததைப் போடச் சொன்னார். நேசமலர் போட்டார். மின்விசிறி இரைந்தது. அதிகாரி இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு ஹெட்போனை மேசையில் வைத்தார். மூலப்பதிவில் பேச்சு விளங்கவில்லை, விளங்கும் பிரதி மாற்றப்பட்டது என்று கோப்பில் எழுதினார். அதன் பிறகு அங்கிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நேசமலர் சொன்னார்: "நான் தொடாம விட்டிருக்கணும் அக்கா."

"தொடாமல் விட்டிருந்தால் எனக்கு ஒண்டும் தெரிஞ்சிராது." சரோஜினிதேவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்தினது, மாத்தாதது, ரெண்டையும் எனக்கு ரெண்டு சிடியிலை அடிச்சுத் தாரும்."

ஆறு பாட்டுகளும் அந்த ஆடி மாதம் வெளிவந்தன. கோயிலில் கேட்டவர்களில் ஒருவருக்கும் கடைசி இரண்டில் வேறுபாடு தெரியவில்லை. வருடக் கடைசியில் சரோஜினிதேவி மகளோடு சென்னைக்குப் போனார். அங்கிருந்து வந்த ஒரே கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: பிள்ளை அந்த மாற்றாத சிடியைத்தான் போட்டுக் கேட்கிறாள். அப்பா கதைக்கிறது வடிவாய்க் கேக்குதாம். உமக்கும் கேக்குதோ?

நேசமலர் அன்று மத்தியானம் கூடத்தில் ஆளில்லாத நேரம் அந்த மாற்றாத பதிவைப் போட்டார். ஒலியை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினார். இரைச்சல்தான் பெரிதாகியது.

தனக்கும் கேட்கிறது என்று பதில் எழுதி, அன்றைக்கே தபாலில் போட்டார்.