ஸ்டெல்லா அக்கா போடாத வட்டங்கள்

செய்தி எங்கள் ஷெட்டின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் படத்தைப் போட்டு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு, பாதியில் நின்றிருந்த காருக்கு வேக்ஸ் பூசுவதைத் தொடர்ந்தேன். மாரடைப்பு என்பதும், செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்பதும் மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்தில் படிப்பதற்கு எழுதித் தரும்படி அவருடைய மகள் ரீனா என்னிடம் கேட்டாள். இதைக் கேட்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அக்காவோடு வேலை பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரைச் சாலையில் இருக்கிறது எங்கள் ஷெட். கார்களைக் கழுவி, வேக்ஸ் போட்டுப் பளபளப்பாக்கித் தருகிற இடம். நான் மிஷினில் போடுவேன். அக்கா கையால் போடுவார். எனக்குப் பெயர் டெக்னீஷியன். அவருக்குப் பெயர் "தொடைக்கிற அம்மா".

கையால் போடுவது உயர்ந்தது என்றெல்லாம் அவர் ஒருநாளும் பேசியதில்லை. பக்கத்து விடுதியில் தங்கி, வண்டியை எங்களிடம் விட்ட ஒருவர், "கையால போட்டாத்தான் வண்டிக்கு உயிர் வரும், இல்லம்மா?" என்று கேட்டார். அக்கா தலை நிமிராமல் பதில் சொன்னார்: "கையில போட்டாலும் மிஷின்ல போட்டாலும் காக்கா அது மேலதான் சார் கழியும்." அவர் சிரித்துவிட்டுப் போனார். அக்கா இடது கையால் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

அந்தத் தோள்வலிதான் அவரை மிஷின் பக்கம் கொண்டுவந்தது. "எனக்கும் கத்துக்குடு தம்பி, நாள் பூரா தேச்சா கை கழண்டுக்குது" என்று ஒரு மதியம் கேட்டார்.

"அது வெயிட்டுக்கா. உங்களால புடிக்க முடியாது."

"வூட்ல கிரைண்டர் கல்ல நான்தான் தூக்கிக் கழுவறேன். உன் மிஷினு அத்தவிட வெயிட்டா?"

நான் கற்றுக்கொடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது. அரை மணி நேரத்தில் அவருக்கும் வந்துவிட்டால் நான் டெக்னீஷியன் என்பதற்கு என்ன அர்த்தம்? வெயிட் என்று நான் சொன்னது இதைத்தான்.

இனி அந்தக் கறுப்பு வண்டி. மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக வந்த கார். கறுப்பில் தூசி பட்டாலும் தெரியும். பானட்டின் நடுவில் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். மிஷினின் முனையில் மாட்டுகிற பஞ்சுப் பேடை மாற்றும்போது அது கைதவறித் தரையில் விழுந்தது. எங்கள் ஷெட்டின் தரை உங்களுக்குத் தெரியும். எத்தனை முறை கூட்டினாலும் கடல் காற்று மணலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். விழுந்த பேடைக் கழுவிக் காயவைத்துத்தான் மறுபடி மாட்ட வேண்டும். எனக்கு அவசரம். தொடையில் இரண்டு தட்டுத் தட்டி மாட்டிவிட்டேன். துணியைக் கையில் பிடித்துத் தேய்க்கிறவருக்கு ஒரு மணல் சிக்கினாலும் விரலில் நெருடும். மிஷினைப் பிடித்தவனுக்கு அதிர்வு மட்டும்தான் தெரியும். ஓரங்களை மட்டும் அக்கா கையால் முடித்தார்.

வண்டியை வெயிலுக்கு இழுத்ததும் பானட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல்.

யார் செய்தது என்று முதலாளி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "அக்கா துணி கீழ விழுந்துச்சு சார்" என்றேன்.

அங்கே நின்ற எல்லோருக்கும் உண்மை தெரியும். அக்கா எப்போதும் முன்னாலிருந்து பின்னால் நேர்கோடாகத்தான் இழுப்பார். வட்டம் மிஷினுடையது. அக்கா பானட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, என் கை இன்னா பம்பரமா, இத்தினி வட்டம் சுத்த?"

உங்களில் இரண்டு பேர் சிரித்தீர்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நாத்து நட்ட கையை வண்டியில வச்சா இப்படித்தான்" என்றார். புது மிஷின் கீறும் என்று வெளியே தெரிவதைவிட, செய்யூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஒருத்தியின் கை கீறும் என்று தெரிவது அவருக்கு லாபம். நான் திருக்கழுக்குன்றத்தில் கோயிலை ஒட்டிய தெரு, வாத்தியார் மகன். அக்கா காலனி. யார் சொல்வதை நம்புவது என்பது நான் வாயைத் திறக்கும் முன்பே முடிவாகியிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன். இந்த ஊரின் அநியாயங்களைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவிய அநியாயத்தைப் பற்றிப் பேசியதில்லை.

அன்றைக்கே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருமுறை மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். விடுதியில் அறை பெருக்கும் வேலை, சீருடையில் இருந்தார். "இன்னாபா, உன் மிஷினு இன்னும் சுத்திகினு கீதா?" என்று கேட்டபடி நெருங்கி வந்தார். நான் போனைக் காதில் வைத்து, வராத அழைப்புக்கு ஹலோ சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் பேசி முடிக்கவே இல்லை. அவருடைய பஸ் வந்துவிட்டது.

எழுதித் தரச் சொன்னபோது ரீனா இன்னொன்றும் சொன்னாள். "வேற ரெண்டு ஷெட்ல வேல கேட்டுப் போச்சுண்ணா அம்மா. 'கறுப்பு வண்டியக் கீறுன பொம்பள நீதான?'ன்னு கேட்டு அனுப்சிட்டாங்க. எங்க தெருவுலயும் அதான் பேரு. 'நான் கீறலடி, கீறலடி'ன்னு அம்மா கடைசி வரிக்கும் சொல்லிகினே இருந்துச்சு. அப்ப யாரும்மா கீறனதுன்னு கேட்டா, மிஷினுன்னு சொல்லும். அதுக்கு மேல வாயத் தொறக்காது. நீங்க அங்கதான இருந்தீங்க? எங்கம்மாவா கீறுச்சு?"

நான் அவளிடம், எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ரீனா, உன் அம்மா கீறவில்லை. மிஷினும் தானாகச் சுற்றுவதில்லை, ஒருவன் பிடித்தால்தான் சுற்றும். அன்றைக்குப் பிடித்தவன் நான். மணல் ஒட்டிய பேடை மாட்டியவன் நான். பொய் சொன்னவனும் நான். உன் அம்மா என் பெயரை ஏன் கடைசிவரை சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. அதை மன்னிப்பு என்று நானே எடுத்துக்கொள்ள மாட்டேன். சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

போனவர்களிடமிருந்து நாம் எதை வைத்துக்கொள்கிறோம் என்று இப்படிப்பட்ட கூட்டங்களில் சொல்வது வழக்கம். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் வாங்கிக்கொள்வது ஒரு பெயரை. கறுப்பு வண்டியைக் கீறிய ஆள். இத்தனை நாள் அது தவறான வீட்டில் இருந்தது. நாளை ஷெட்டிலும் இதையே படிப்பேன். இனி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நினைப்பவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்.