மூக்கனுக்குத் தெரிந்த இத்தாலி வினைச்சொல்

அட்டன் பக்கத்தில் சாமியார் பங்களாக் குசினியில் சமைத்துவந்த மூக்கனுக்கு இத்தாலி மொழியில் ஒரு வினைச்சொல் தெரியும். இந்தப் பெரும் பேற்றை அவருக்கு அளித்தவர் இத்தாலியப் பாதிரியாரான லொரென்சோ சாமியார். சோறு வேகுமுன் தட்டோடு வந்துவிடுவார் சாமியார். “கொஞ்சம் பொறுங்க சாமி” என்று மூக்கன் தினமும் சொல்லச் சொல்ல, அதற்குத் தம் ஊர்ச் சொல்லைக் கற்பித்துவிட்டார்: அஸ்பெத்தாரே, காத்திருத்தல். நான் என்றால் அஸ்பெத்தோ, நீ என்றால் அஸ்பெத்தி, அவன் என்றால் அஸ்பெத்தா, நாங்கள் என்றால் அஸ்பெத்தியாமோ. ரயிலுக்காகக் காத்திருப்பதெல்லாம் நம் வழக்கம். அங்கே ரயிலையே காத்திருப்பார்கள். வாலில் ஒரு ‘சி’ ஒட்டினால் எதிர்பார்த்தல் என்று பொருள்.

“அது நமக்கு வேணாங்க சாமி” என்றார் மூக்கன். பாடம் கேட்டதெல்லாம் நின்றபடிதான். முக்காலியைக் காட்டினாலும் உட்காரமாட்டார்.

அவர் காத்திருந்தது பிரஜாவுரிமையை. அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்து லய வீடு இந்த நாட்டில்தான் இருக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவர் இந்த நாட்டவரா என்பதில்தான் அரசாங்கத்துக்கு ஐயம். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் கழித்து நுவரெலியாவுக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். மனைவி வீரம்மாவோடு முதல் பஸ்ஸிலேயே போனார்.

விசாரணை நடந்த கந்தோருக்குள் உட்காரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். தோட்டத் துரை பங்களா வாசலில் நின்றே பழகிய கால்கள் அதை நெருங்குமா? தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, வெளியே தூணுக்கு அப்பால், தூறலில் மரியாதையாக நின்றார். அஸ்பெத்தியாமோ என்று முனகிக்கொண்டார்.

“எல்லாரும் உள்ள போறாங்களேங்க?”

“தொர கூப்புடுவாரு புள்ள. நாமளா போயி மூஞ்சிக்கு முன்னுக்கு நிக்கிறதா?”

மாலையில் பியோன் கதவைப் பூட்ட வந்தான். “மூக்கனா? பேர உள்ளுக்குக் கூப்பிட்டாங்களே! வரலன்னு எழுதியாச்சு. இனி அடுத்த விசாரணைக்குத்தான்.”

“எப்பங்க ஐயா?”

“சொல்லி அனுப்புவாங்க.”

பஸ்ஸில் வீரம்மா வாயை மூடவில்லை. “நின்னு நின்னு காலு தேயலாம், குந்துனா குண்டி தேஞ்சிருமோ? இதுல இத்தாலி பேச்சு வேற!”

மறுநாள் சாமியார் கேட்டார்: “கிடைத்ததா?”

“அஸ்பெத்தோ, சாமி.”

தாயைப் பார்க்க ஊர் போக மேலிடத்தில் அனுமதி கேட்டு வருடக்கணக்காகியும் பதில் வராத சாமியார் தலையசைத்தார். “அஸ்பெத்தியாமோ.”

மூக்கன் முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். சாமியாரின் புருவம் உயர்ந்தது.

“பழகிக்கிறேங்க சாமி” என்றார். முதுகு இன்னும் விறைப்பாகவே இருந்தது. சோறு வேக நேரமிருந்தது.