அறுபதைத் தாண்டாத ஊசி

எங்கள் ஆலையில் அவருக்கு ஊசிக்காரர் என்றுதான் பெயர். ரசாயனத் தொட்டியின் அடியில் பதித்த மானி, மேலே நிற்கும் சரக்கு எவ்வளவு கனமாக அழுத்துகிறது என்று பார்த்து, கட்டுப்பாட்டு அறையில், தொட்டி நூற்றுக்கு எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் ஊசியை நகர்த்தும். முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனபின் அந்த ஊசியைப் பார்த்துச் சொல்வதே அவர் பிழைப்பு.

ஏணி ஏற மனைவியின் தம்பியைச் சேர்த்துவிட்டார். "அவனுக்கு ஏதாவது ஆச்சு, வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று சொல்லித்தான் அக்காக்காரி அனுப்பினாள்.

அந்தத் தொட்டியில் வருஷக்கணக்காகக் காஸ்டிக் கரைசல் இருந்தது. நல்ல கனம். அதை மாற்றி அம்மோனியாத் தண்ணீர் ஏற்றச் சொன்னார்கள். அது லேசு. தொட்டி முட்ட நின்றாலும் பழைய கணக்கில் ஊசி பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டும். சரக்கு மாறினால் ஊசியையும் திருத்தவேண்டும், எல்லோருக்கும் தெரியும். தொட்டியைக் கழுவினோம், வால்வை மாற்றினோம், புதுப் பெயர்கூட எழுதினோம். ஊசியை ஒருத்தனும் நினைக்கவில்லை.

ஏற்றிக்கொண்டிருக்கும்போது மேலே மூடியருகே நின்ற மச்சினன் வாக்கி டாக்கியில் கூப்பிட்டான்.

"மாமா, சத்தம் மாறுது. அளவுக் குச்சி விட்டுப் பாக்கட்டா?"

"எதுக்கு மாப்ள? ஊசி இன்னும் அறுபதக்கூடத் தொடல."

"உங்க ஊசிக்குக் காது இருக்கா?"

"உனக்கு வாய்தான் இருக்கு. பேசாம நில்லு."

அவன் சிரித்தது அறையில் இருந்த எனக்கும் கேட்டது. அப்புறம் அலறல். மூடி இடுக்கில் பீறிட்டு முகத்தில் அடித்திருந்தது. வியர்வைக்காகப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருக்கிறான்.

பம்பை அணைத்துவிட்டு ஓடினோம். ஊசிக்காரர் ஏணியில் பாதிவரை ஏறி, அதற்கு மேல் முடியாமல், கம்பியைப் பிடித்தபடி "மாப்ள, மாப்ள" என்று கத்தினார். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் ஏறினேன். குழாயடிக்கு இறக்கி எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. இரண்டு கண்ணும் போயிற்று.

வீட்டுப் பக்கம் வராதீங்க என்றவள் கதவைத் திறந்துதான் விட்டாள். பேச்சுத்தான் இல்லை.

போன வாரம் பார்க்கப் போனேன். மச்சினன் டம்ளருக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். விரல் நனைந்ததும் நிறுத்தினான்.

"குடு மாப்ள, நான் ஊத்தறேன்" என்று ஊசிக்காரர் கை நீட்டினார்.

"வேணாம் மாமா. வழிஞ்சு ஓடும்போதும் நீங்க அறுபதும்பீங்க."

சொன்னவன் மட்டும் சிரித்தான். அக்கா செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.